கத்தரிக்கோல் போன வழி

கிராண்ட் ஐலண்ட் விடுதிக் கூடம், மேசை எண் நாற்பத்தொன்று.
பிப்ரவரி. வந்தவள் கோட்டைக் கழற்றவில்லை.
டார்லா வவ்ரா என்றாள்.
கோழித்தீவனக் கம்பெனி அட்டை ஒன்றை விரித்தாள்,
உள்ளே பத்து டாலர்.

நான் முகத்தைப் பார்ப்பதில்லை.
செத்துப்போன அதிபர் எல்லாத் தாளிலும்
ஒரே மாதிரிதான் முறைப்பார்.
முத்திரை நீலம், சரி.
ஓரமெங்கும் வங்கியின் உரிம எண்,
பக்கத்தில் ஒரு டபிள்யூ, மேற்கு என்பதற்கு.
நடுவே கறுப்பு மையில்: பிளம் ஹாலோ, நெப்ராஸ்கா.

வங்கி இருந்தது பதினேழு ஆண்டு.
ஊர் இருந்தது இன்னும் கொஞ்சம் அதிகம்.
இன்று அங்கே ஒரு தானியக் கோபுரம்,
புறாக்கள்.

சிகாகோ தாள் எவன் மேசையிலும் கிடைக்கும்.
பிளம் ஹாலோ, என் பதிவேட்டில், மூன்று.
இது நான்காவது.
ஓர் ஊர் எவ்வளவு சுத்தமாக அழிந்ததோ
அவ்வளவுக்கு விலை.
சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது;
வெட்கப்பட்டுக்கொண்டே எண்ணிக் கொடுக்கிறேன்
முப்பது வருஷமாக.

"எங்கே இருந்தது?"
"தையல் மிஷின் இழுப்பறைக்குப் பின்னால்.
அது சிக்கிக்கொண்டே இருக்கும்.
அறுபது வருஷம் அதைத் திட்டினோம்."

மற்றதெல்லாம் செலவாகிப்போனது
மாட்டுக்கு, கல்யாணச் செருப்புக்கு, சவப்பெட்டிக்கு.
பயன்படாமல் போனதே பிழைத்தது.

விளக்கின் முன் தூக்கிப் பிடித்தேன்.
நடுவில் மடிப்பு. துருவேறிய குண்டூசித் துளை.
யாரும் துவைக்கவில்லை, இஸ்திரி போடவில்லை,
கும்பிட வேண்டும்.
வங்கித் தலைவர் கையெழுத்து ஊதா ரப்பர் முத்திரை.
காசாளர் மட்டும் பேனாவால்: எல்மர் ஸ்டுட்ஸ்மன்.
கடைசி எழுத்துக்கு மை போதவில்லை.

"தொள்ளாயிரம்," என்றேன். நியாயமான விலை.
கிணற்று மோட்டார் காயில் போய்விட்டதாம்,
வாய்க்குள் கணக்குப் போட்டாள்.

எண்ணைக் கடைசியில்தான் படிப்பேன், பழக்கம்.
ஆயிரத்து நூற்று ஆறு. எழுத்து, சி.

என் கைப்பெட்டியில்,
விற்பனைக்கு இல்லாத உறையில்,
ஆயிரத்து நூற்று ஆறு.
எழுத்து, பி.

வாஷிங்டனிலிருந்து நான்கு நான்காக வரும்,
ஒரே காகிதம், ஒரே எண்:
ஏ, பி, சி, அடியில் ஓர் இருபது.
கையெழுத்துப் போட்டு வங்கியில் வெட்டிக்கொள்ள வேண்டும்.
ஸ்டுட்ஸ்மன் ஏ-க்காகப் பேனாவைத் தோய்த்திருக்கிறான்;
பி-யில் மை இன்னும் திடம்,
சி-க்கு வருவதற்குள் இளைத்துவிட்டது.
பிறகு கத்தரிக்கோல்.
மொண்ணையோ, அவசரமோ,
கதவருகே யாராவது கூப்பிட்டார்களோ,
நேராகப் போன வெட்டு முக்கால் தூரத்தில்
தடுக்கி இறங்கி
மறுபடி ஏறியிருக்கிறது.

இரண்டையும் மேசைமேல் வைத்து நகர்த்தினேன்.
பி-யின் நாக்கு
சி-யின் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.

விலைப்பட்டியலில் இதற்குக் கட்டம் கிடையாது.
மற்றவர்களுக்கு அது கோணல் விளிம்பு,
இருபது டாலர் குறைப்பார்கள்.
நான் வாய் திறக்கவில்லை.
கைதான் காட்டிக்கொடுத்துவிட்டது.

அவள் குனிந்தாள்,
முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவளின்
ஒற்றைக்கண் பார்வை.
முதலில் தாள்களை, அப்புறம் என்னை.
"ஆயிரத்து நானூறு," என்றாள்.

கொடுத்தேன், நூறு நூறாக,
மிஷின் வெட்டிய நோட்டுகள்,
எல்லா ஓரமும் ஒழுங்கு.
விரலை நனைத்து இரண்டு முறை எண்ணிவிட்டு
தீவன அட்டையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.

ராத்திரி அறையில் தூக்கம் வரவில்லை.
சேர்த்து வைத்த இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை,
எப்படி நெருக்கினாலும் மூடவில்லை.
ஒன்று வெளிறியிருந்தது, ஒன்று தேநீர் நிறம்.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன்:
பி-யின் மேல் விளிம்பில்,
இடது கோடியில்,
ஒரு சின்ன மேடு.

யார் வீட்டிலோ
ஏதோ ஒரு இழுப்பறை
சரியாக மூடாமல் இருக்க வேண்டும்.